தன்விளக்க உண்மையும் மெய்ப்பிக்கும் பொறுப்பும்: 1776 அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

1776ஆம் ஆண்டு அமெரிக்க விடுதலைப் பிரகடனம், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்பது உள்ளிட்ட சில கூற்றுகளைத் தாமே விளங்கும் உண்மைகள் என அறிவித்தது. மெய்ப்பிக்க வேண்டாதவை எனச் சொல்லப்பட்ட அவ்வுண்மைகள், அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில் மறுக்கப்பட்டன. மறுக்கப்படும் ஒன்று தானே விளங்கும் உண்மையாக இருக்க இயலுமா என்பதே இக்கட்டுரையின் வினா. இவ்வுண்மையை நேரறிவாகக் கொள்ளும் விளக்கமும், சமூக ஒப்புதலாகக் கொள்ளும் விளக்கமும் இவ்வினாவுக்கு முழுமையான விடை தரவில்லை. மறுப்பவரின் நடைமுறையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட உண்மை என்னும் மூன்றாம் பொருளை, பிரெடரிக் டக்ளஸ் 1852இல் ஆற்றிய உரையின் துணைகொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அப்பொருளின் வரம்புகளையும் சுட்டுகிறது.

திறவுச் சொற்கள்: தன்விளக்க உண்மை, இயற்கை உரிமை, சமத்துவம், மெய்ப்பிக்கும் பொறுப்பு, ஜெபர்சன், லாக், டக்ளஸ், லிங்கன்.

முன்னுரை

அரசியல் மெய்யியலில் ஒவ்வொரு வாதமும் ஏதேனும் ஓரிடத்தில் தொடங்கியாக வேண்டும். தொடங்கும் இடத்துக்கும் சான்று கேட்டால், அச்சான்றுக்கு வேறொரு சான்று என வாதம் முடிவின்றிப் பின்னோக்கிச் செல்லும். எனவே சான்று வேண்டாத சில கூற்றுகளை முதலில் நிறுத்தி, அவற்றிலிருந்து பிறவற்றைப் பெறுவது கணிதத்திலும் மெய்யியலிலும் பழைய வழக்கம். யூக்ளிடின் வடிவியல் நூல் இம்முறையின் முன்மாதிரியாக விளங்கியது.

வடிவியலில் இம்முறை பெரிய சிக்கலை எழுப்புவதில்லை. முழுமை தன் பகுதியைவிடப் பெரிது என்பதை மறுத்து ஆதாயம் பெறுவோர் எவரும் இலர். அரசியலில் நிலைமை வேறு. மனிதர் சமம் என்பதை மறுப்பதால் ஆதாயம் பெறுவோர் எக்காலத்திலும் உள்ளனர். அவர்களுக்கு எதிரில் நின்று ஓர் உண்மையைத் தானே விளங்குவது என்று கூறுவதன் பொருள் யாது? அது அறிவைப் பற்றிய கூற்றா, உறுதிமொழியா, வாதத்தைத் தவிர்க்கும் உத்தியா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

சொல்லும் பொருளும்

பிரகடனத்தின் இத்தொடரைத் தமிழில் பெயர்ப்போர் பெரும்பாலும் ‘வெளிப்படையான உண்மைகள்’ என்று எழுதிச் செல்வர். ‘வெள்ளிடைமலை’, ‘உள்ளங்கை நெல்லிக்கனி’ என்னும் வழக்குகளும் இவ்விடத்தில் நினைவுக்கு வரும். இவை அனைத்தும் காட்சியின் தெளிவைக் குறிப்பவை. மலை வெட்டவெளியில் நிற்பதால் கண்ணுள்ள எவருக்கும் அது தெரியும். மெய்யியல் மரபு இக்கலைச்சொல்லுக்குத் தரும் பொருளோ இதனின்றும் வேறுபட்டது. ஒரு கூற்றின் சொற்களுக்குரிய பொருளை விளங்கிக்கொண்டவுடனே அக்கூற்றின் உண்மையும் விளங்கிவிடுமாயின், அதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அக்கூற்றே தனக்குச் சான்று. ஆகவே ‘தன்விளக்க உண்மை’ என்னும் தொடரை இக்கட்டுரை கையாள்கிறது.

இவ்வேறுபாட்டின் இன்றியமையாமையைத் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். தன்னளவில் தன்விளக்கமுடையது வேறு, நமக்குத் தன்விளக்கமாகத் தோன்றுவது வேறு என்று அவர் பகுத்தார். மனிதன் பகுத்தறிவுடையவன் என்னும் கூற்று தன்னளவில் தன்விளக்கமுடையது; ஆயினும் மனிதன் என்பது யாது என அறியாதவனுக்கு அது விளங்காது. சில கூற்றுகள் எல்லார்க்கும் விளங்கும். சில கற்றோர்க்கே விளங்கும். இப்பகுப்பின்படி, ஒருவர் மறுக்கிறார் என்பதால் மட்டும் ஒரு கூற்று தன் தன்விளக்கத்தை இழந்துவிடாது. மறுப்பவர் சொற்பொருளை அறியாதவராக இருக்கலாம்.

மறுப்பவர் அறியாதவர் என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய இவ்வாய்ப்பிலேயே ஓர் இடரும் உள்ளது. அது பின்னர் ஆராயப்படும்.

வரைவில் நிகழ்ந்த மாற்றம்

1776 ஜூன் மாதம் பிரகடனத்தை வரைவதற்கு ஐவர் குழு அமைக்கப்பட்டது. தாமஸ் ஜெபர்சன், ஜான் ஆடம்ஸ், பெஞ்சமின் பிராங்க்ளின், ரோஜர் ஷெர்மன், ராபர்ட் லிவிங்ஸ்டன் ஆகியோர் அதன் உறுப்பினர்கள். ஜெபர்சனின் முதல் வரைவில் இவ்வுண்மைகள் புனிதமானவை, மறுக்க இயலாதவை என்னும் பொருள்பட இரு அடைமொழிகள் இருந்தன. அவை நீக்கப்பட்டு, தன்விளக்கம் என்னும் பொருளுடைய ஒற்றைச் சொல் இடம்பெற்றது. இத்திருத்தத்தைச் செய்தவர் பிராங்க்ளின் என்பர் சிலர். கையெழுத்தைக் கொண்டு ஜெபர்சனே என்பாரும் உளர்.

திருத்தியவர் யார் என்பதைவிடத் திருத்தம் செய்த வேலையே கருதத்தக்கது. ‘புனிதமானது’ என்பது உண்மையின் பிறப்பிடத்தைக் கூற்றுக்கு அப்பால், இறைமையில் வைக்கிறது. ‘மறுக்க இயலாதது’ என்பது கேட்போரின் எதிர்வினையைப் பற்றிய கூற்று. எவரேனும் ஒருவர் எழுந்து மறுத்தால் அந்த அடைமொழி பொய்த்துவிடும். ‘தன்விளக்கமானது’ என்பதோ உறுதியின் பிறப்பிடத்தைக் கூற்றுக்குள்ளேயே வைக்கிறது. கேட்போர் மறுத்தாலும் அச்சொல் வீழ்வதில்லை. பிரித்தானிய மன்னரும் அவருடைய ஆதரவாளர்களும் மறுக்கப்போவது உறுதியான ஒரு சூழலில், மறுப்பைத் தாங்கி நிற்கும் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டது.

படைத்தவனைப் பற்றிய குறிப்பு இரண்டாம் உண்மையில் இடம்பெற்றுள்ளது. எனவே இத்திருத்தத்தைச் சமயத்திலிருந்து பகுத்தறிவுக்குச் சென்ற தாவலாக மட்டும் காண்பது மிகையாகும்.

பிரகடனம் ஓர் உண்மையை மட்டும் இவ்வாறு சிறப்பிக்கவில்லை. மனிதரின் சமத்துவம், படைத்தவனால் அளிக்கப்பட்ட பறிக்கவொண்ணா உரிமைகள், அவற்றுள் அடங்கும் உயிர், சுதந்திரம், இன்பநாட்டம், அவ்வுரிமைகளைக் காக்கவே ஆளப்படுவோரின் இசைவால் அரசுகள் அமைகின்றன என்பது, அந்நோக்கத்தை அழிக்கும் அரசை மாற்ற மக்களுக்கு உரிமையுண்டு என்பது ஆகிய ஐந்தும் ஒரே தொடரின் உறுப்புகள். டேனியல் ஆலன் தம் 2014ஆம் ஆண்டு நூலில், இன்பநாட்டத்துடன் தொடரை முற்றுப்புள்ளியிட்டு முடித்துவிடும் அச்சுப்படிகள் பின்னிரண்டு உண்மைகளையும் துண்டித்துவிடுகின்றன என்று சுட்டியது இவ்வகையில் பயனுடையது. அவ்வைந்தும் ஒரே அளவில் தன்விளக்கமுடையனவா என்பது தனி வினா.

முதல் விளக்கம்: நேரறிவு

ஜான் லாக்கின் அறிவுக் கோட்பாட்டில் தன்விளக்கம் என்பது இரு கருத்துகளின் பொருத்தத்தை மனம் இடைப்பொருள் ஏதுமின்றி நேரே காண்பதாகும். வெள்ளை கறுப்பன்று என்பதைக் காண எவ்வாதமும் வேண்டுவதில்லை. இதே லாக், அறநெறி விதிகளுக்கு இத்தகுதியை வழங்க மறுத்தார். பிறர் தமக்குச் செய்ய வேண்டுவதையே பிறர்க்குச் செய்க என்னும் விதியைக் கேட்பவன், ஏன் என்று காரணம் கேட்டால் அது அறிவீனமாகாது. காரணம் கேட்கத் தகும் ஒன்று தன்விளக்கமானதன்று என்பது அவர் வாதம். ஆயின் 1689இல் வெளிவந்த அரசு பற்றிய இரண்டாம் ஆய்வுரையிலோ, ஓரினத்தைச் சேர்ந்து ஒரே ஆற்றல்களுடன் பிறந்த உயிர்கள் தம்முள் சமமாதலைவிடத் தெளிவானது வேறில்லை என்னும் கருத்தை அவரே முன்வைக்கிறார்.

ஜெபர்சனின் சொல்லாட்சிக்கு லாக்கின் அறிவுக் கோட்பாட்டில் வேர் தேடுவோர் இம்முரணை எதிர்கொண்டாக வேண்டும். மார்ட்டன் ஒயிட், கேரி வில்ஸ் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட நூல்களில் இதனை வெவ்வேறு வழிகளில் அணுகினர். வில்ஸ், தாமஸ் ரீட் முதலிய ஸ்காட்லாந்து மெய்யியலாரின் பொது அறிவுக் கொள்கையை முதன்மைப்படுத்தினார். அக்கொள்கையின்படி அடிப்படை உண்மைகள் கற்றோரின் உடைமையல்ல. உழவனும் பேராசிரியனும் அவற்றை ஒப்பவே அறிவர். வில்ஸின் வரலாற்றுச் சான்றுகள் போதாதவை என்று ரொனால்டு ஹமோவி மறுத்தார். ஆயினும் 1825இல் ஹென்றி லீக்கு எழுதிய மடலில், புதிய கொள்கைகளைக் காண்பது தம் நோக்கமன்று, பொருளின் பொது அறிவைக் கேட்போர் இசையத்தக்க தெளிவுடன் உலகின்முன் வைப்பதே நோக்கம் என்று ஜெபர்சனே விளக்கினார் என்பது மறக்கத்தக்கதன்று.

நேரறிவு விளக்கத்தின் குறை எளிதில் தெரிவது. நேரே காணத்தக்கதைக் காணாதவர்கள் ஏன் அவ்வளவு பேர் இருந்தனர்? பிரகடனத்தை வரைந்தவரே தம் வாழ்நாளில் 600க்கும் மேற்பட்ட அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தார். கண்டும் காணாதவராக இருந்தார் என்றால், காண்பதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையிலுள்ள தொலைவை இவ்விளக்கம் அளந்து காட்டவில்லை.

இரண்டாம் விளக்கம்: ஒப்புதல்

ஹன்னா ஆரென்ட் இத்தொடரின் வினைச்சொல்லை நோக்கினார். தன்விளக்க உண்மை எவருடைய இசைவையும் எதிர்பார்ப்பதன்று. அது மனத்தை வலிந்து பற்றும். ஆனால் பிரகடனம் அவ்வுண்மைகளைத் தாங்கள் கொண்டிருப்பதாகக் கூறுகிறது. அவ்வாறு கூறுவதன் வழியே, சமத்துவம் என்பது இசைவை வேண்டி நிற்கும் அரசியல் நிலைப்பாடு என்பதை ஜெபர்சன் தம்மையறியாமல் ஒப்புக்கொண்டார் என்பது ஆரென்டின் வாசிப்பு. மைக்கேல் சக்கர்ட் 1996ஆம் ஆண்டு நூலில் வேறு வழியில் இதற்கு அண்மையான முடிவை அடைகிறார். இவ்வுண்மைகள் கண்டிப்பான பொருளில் தன்விளக்கமுடையவையல்ல. அரசியல் சமூகம் அவற்றைத் தன்விளக்கமானவைபோல் கொண்டொழுக வேண்டும் என்பதே கருத்து என்கிறார் அவர்.

இவ்விளக்கம் பிரகடனத்தின் மொழியமைப்புக்கு நேர்மையாக நிற்கிறது. மறுப்புகள் எழுந்ததையும் விளக்குகிறது. ஆனால் இதற்கு ஒரு விலையுண்டு. உண்மையின் ஆற்றல் ஒப்புதலிலிருந்தே வருவதாயின், ஒப்புதல் தந்தோரையன்றிப் பிறரை அது கட்டுப்படுத்தாது; ஒப்புதலைக் கேட்கப்பெறாதோருக்கு அதில் பங்கும் இல்லை. ஒப்பந்தத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட அடிமை எதனைச் சுட்டி உரிமை கோருவான்?

மறுப்பாளர்கள் கேட்டது யாது?

மறுப்புகளின் வரலாறு, இரு விளக்கங்களுக்கும் அப்பால் செல்ல வழிகாட்டுகிறது. மாசசூசெட்ஸின் முன்னாள் ஆளுநர் தாமஸ் ஹட்சின்சன் 1776இலேயே லண்டனில் வெளியிட்ட சிறு நூலில், மேரிலாந்து, வர்ஜீனியா, கரோலினாக்களின் பிரதிநிதிகள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரின் சுதந்திரத்தைப் பறித்து வைத்திருப்பதை எவ்வாறு நியாயப்படுத்துவர் என்று வினவினார். அவர் அடிமைகளுக்காக வழக்காடவில்லை. பிரகடனம் செய்தோரின் முரண்பாட்டைக் காட்டுவதே அவர் நோக்கம்.

1848இல் செனட் உறுப்பினர் ஜான் கால்ஹூன் வேறு வழியை மேற்கொண்டார். மனிதர்கள் பிறப்பதில்லை, குழந்தைகளே பிறக்கின்றன என்று சொல்லுக்குச் சொல் எதிர்வாதம் தொடுத்து, அக்கூற்றில் உண்மையே இல்லை என்றார். 1854இல் இந்தியானாவின் செனட் உறுப்பினர் ஜான் பெட்டிட், தன்விளக்க உண்மை என்னும் தொடரைத் திருப்பி, அதனைத் தன்விளக்கப் பொய் என்றே அழைத்தார். இவ்விருவரும் செய்தது ஒன்றே. மெய்ப்பிக்கும் பொறுப்பைச் சமத்துவத்தைச் சொல்வோரின் தோளில் ஏற்றினர். சமம் என்றால் எதில் சமம், உடல்வலிமையிலா, அறிவாற்றலிலா என்று கேட்டனர்.

இவ்வினாவுக்கு ஜெபர்சனின் எழுத்திலேயே விடையுண்டு. வர்ஜீனியா பற்றிய தம் நூலில் கறுப்பினத்தவரின் அறிவாற்றல் தாழ்ந்தது என்னும் ஐயத்தை வெளியிட்ட அவரே, 1809இல் ஆன்றி கிரெகுவாருக்கு எழுதிய மடலில், ஆற்றலின் அளவு உரிமையின் அளவாகாது என்றார். நியூட்டன் அறிவால் பிறரை விஞ்சியதால் பிறரின் உடலுக்கோ உடைமைக்கோ அவர் தலைவராகிவிடவில்லை என்பது அவர் தந்த எடுத்துக்காட்டு. ஆகவே பிரகடனம் சொல்லும் சமத்துவம், எவரும் எவர்க்கும் இயற்கையிலேயே ஆண்டான் அல்லர் என்பதே. கால்ஹூனின் தாக்குதல் பிரகடனம் சொல்லாத ஒன்றின்மீது தொடுக்கப்பட்டது.

மூன்றாம் பொருள்: நடைமுறையின் ஒப்புதல்

1852 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பிரெடரிக் டக்ளஸ் ஆற்றிய உரை, இச்சிக்கலில் புதிய திசையைத் திறக்கிறது. அடிமையாகப் பிறந்து தப்பியோடி வந்த டக்ளஸிடம், பழிப்பதைக் குறைத்து வாதத்தால் மெய்ப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தனர். எதனை மெய்ப்பிப்பது என்று அவர் திருப்பிக் கேட்கிறார். அடிமை ஒரு மனிதன் என்பதையா? அது ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்டது. அடிமை உடைமையாளர்கள் இயற்றிய சட்டங்களே அதனை ஒப்புக்கொள்கின்றன. வர்ஜீனியாவில் கறுப்பின மனிதனுக்கு மரண தண்டனை தரத்தக்க குற்றங்கள் 72 என்றும், வெள்ளையருக்கு அவற்றுள் இரண்டே அத்தண்டனைக்குரியவை என்றும் அவர் எண்ணிக் காட்டுகிறார். அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பதைத் தடுக்கும் சட்டங்களையும் சுட்டுகிறார். வயலில் மேயும் விலங்குகளுக்கு எவரும் இத்தகைய சட்டம் இயற்றுவதில்லை.

இவ்வாதத்தின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. கேட்போரின் உள்ளத்தில் சமத்துவம் பளிச்சிடுகிறது என்று டக்ளஸ் கூறவில்லை. அவர்கள் உடன்பட்டுக் கையொப்பமிட்டதை மட்டும் சுட்டி அவர் நிற்கவுமில்லை. அவர் காட்டுவது, மறுப்பவர் தம் மறுப்பைச் செயற்படுத்துவதற்கே அவ்வுண்மையை நம்பியிருக்கிறார் என்பது. தண்டிப்பவன், தண்டிக்கப்படுவோனிடம் நன்று தீது அறியும் அறிவும், தன் செயலைத் தேர்ந்துகொள்ளும் விருப்பும் உண்டு என்று கொண்டே தண்டிக்கிறான். கல்வியைத் தடுப்பவன், கற்கும் ஆற்றல் உண்டு என்று அறிந்தே தடுக்கிறான். உண்மை இங்கே மறுப்பவரின் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டுள்ளது; நாவில் மட்டும் மறுக்கப்படுகிறது.

இப்பொருளில் தன்விளக்கம் என்பது மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதைத் தீர்க்கும் ஒரு நிலை. ஒன்றை நடைமுறையில் ஒப்புக்கொண்டு வாழ்பவர், அதற்கே சான்று கேட்கும் தகுதியை இழந்துவிடுகிறார். அவருக்குச் சான்று தர முற்படுவதுகூட, இன்னும் தீராத ஐயம் ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்வதாகிவிடும். எனவேதான் அவ்வேளைக்கு வேண்டியது வாதமன்று, சுடும் எள்ளலே என்னும் முடிவுக்கு டக்ளஸ் வருகிறார். அது வாதத்தைக் கைவிட்ட உணர்ச்சிப்பெருக்கன்று. வாதம் முன்னரே முடிந்துவிட்டது என்னும் தெளிவிலிருந்து எழுந்தது.

ஐந்தாண்டுகளுக்குப் பின், 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி ராஜர் டேனி எழுதிய தீர்ப்புடன் இதனை ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பிரகடனத்தின் சொற்கள் மனிதகுலம் முழுவதையும் தழுவுவதாகத் தோன்றினாலும், அதை இயற்றியோர் அடிமைகளை வைத்திருந்தமையால் ஆப்பிரிக்க வழியினரை அவர்கள் கருதியிருக்க முடியாது என்றார் டேனி. டேனியும் டக்ளஸும் நடைமுறையையே சான்றாகக் கொள்கின்றனர். டேனிக்கு நடைமுறை, சொற்களின் பொருளைக் குறுக்கும் சான்று. டக்ளஸுக்கு அது, மறுப்பவர் எதனை அறிந்திருந்தார் என்பதற்கான சான்று. தவறிழைத்தவரின் நடத்தையைக் கொண்டு சொல்லின் பொருளை வரையறுத்தால், எவ்வாக்குறுதியையும் மீறுவதன் மூலமே சுருக்கிவிடலாம். டேனியின் வாதம் வீழும் இடம் அதுவே.

வரம்புகள்

இம்மூன்றாம் பொருளுக்கும் எல்லைகள் உண்டு. முதலாவது, தன்விளக்கம் என்னும் சொல் எதற்கும் கவசமாகக்கூடும். அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் எழுதிய பெடரலிஸ்ட் 31ஆம் கட்டுரையை வடிவியல் அடிகோள்களிலிருந்து தொடங்கி, அரசியலிலும் அத்தகைய முதல் உண்மைகள் உள என்கிறார். அவற்றை ஒருவர் ஏற்கவில்லையெனில், அறியும் புலன்களின் குறையோ தன்னலம், உணர்ச்சி, முற்சாய்வு ஆகியவற்றின் வன்மையோ காரணம் என்கிறார். பின்னர் அவ்வரிசையில் அவர் நிலைநாட்டுவது கூட்டரசின் பொதுவான வரிவிதிப்பு அதிகாரத்தை! மறுப்பவர் அனைவரும் குறையுடையோர் என்னும் விதி வந்துவிட்டால் எக்கொள்கையும் தன்விளக்கமாகிவிடும். அக்குவினாஸின் பகுப்பில் மறைந்திருந்த இடர் இதுவே. டக்ளஸின் முறை இவ்விடரிலிருந்து தப்புகிறது. அவர் மறுப்பவரின் உள்ளத்தைப் பழிக்கவில்லை; எவரும் எடுத்துப் பார்க்கத்தக்க சட்டங்களைக் காட்டுகிறார். தன்விளக்கத்தைக் கோருவோரிடம், மறுப்பவரின் எந்த நடைமுறை அதனை ஒப்புக்கொள்கிறது என்று கேட்க இது இடம் தருகிறது.

இரண்டாவது, மனிதன் என ஒப்புக்கொள்வதிலிருந்து சம உரிமைக்குச் செல்லும் படி போதிய வலுவுடையதா? பொறுப்பேற்கும் ஆற்றல் உண்டு, ஆயினும் குறைந்த அளவிலேயே உண்டு என்று உடைமையாளர் கூறலாம். இரண்டுக்கு எதிராக 72 என்னும் எண்ணிக்கை இங்கே விடையாகிறது. ஒருவனிடம் மிகுதியான பொறுப்பைக் கோரிவிட்டு, அவனுக்குக் குறைவான பகுத்தறிவையே உடன்படுவது இயலாது. ஆயினும் இவ்வழியில் நிலைபெறுவது முதல் உண்மையும் அதனோடு ஒட்டிய சுதந்திர உரிமையுமே. அரசுகள் இசைவால் அமைகின்றன என்பதும், அவற்றை மாற்றும் உரிமையும் இவற்றிலிருந்து வாதத்தால் பெறப்பட வேண்டியவை. ஐந்தையும் ஒரே சொல்லால் குறித்தது பிரகடனத்தின் தளர்வு என்றே கொள்ள வேண்டும்.

மூன்றாவது, உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பதாலேயே நடைமுறை மாறிவிடாது. ஆபிரகாம் லிங்கனின் சொல்மாற்றம் இதனைக் காட்டுகிறது. 1859இல் எழுதிய மடலொன்றில், ஜெபர்சனின் கொள்கைகளைச் சுதந்திரச் சமூகத்தின் வரையறைகளும் அடிகோள்களும் என்றார் அவர். யூக்ளிடின் அடிகோள்களை மறுப்பவனுக்கு எளிய கூற்றையும் மெய்ப்பித்துக்காட்ட இயலாது என்பதையும் நினைவூட்டினார். 1863 நவம்பர் 19ஆம் நாள் கெட்டிஸ்பர்க்கிலோ, மெய்ப்பிக்க வேண்டிய கூற்றைக் குறிக்கும் வடிவியல் சொல்லால் சமத்துவத்தைக் குறித்தார். இதனை அடிகோளின் தகுதியிறக்கம் என வாசிப்போர் உண்டு. அவ்வுரையில் சோதனைக்கு உள்ளாவதாகச் சொல்லப்படுவது சமத்துவத்தின் உண்மையன்று. அதற்குத் தன்னை ஒப்புக்கொடுத்த நாடு நிலைக்குமா என்பதே. அறிவில் அடிகோளாக இருப்பது செயலில் மெய்ப்பிக்கப்பட வேண்டியதாக இருக்கலாம். இவ்விரண்டும் முரணல்ல.

முடிவுரை

தன்விளக்க உண்மை என்பதை நேரறிவாக மட்டும் கொண்டால், மறுப்புகளின் பெருக்கத்தை விளக்க இயலவில்லை. ஒப்புதலாக மட்டும் கொண்டால், ஒப்பந்தத்துக்குப் புறத்தே நிறுத்தப்பட்டோருக்கு அது பயன்படவில்லை. மறுப்பவர் தம் சட்டத்தாலும் தண்டனையாலும் தடைகளாலும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கும் உண்மை என்று கொள்ளும்போது, மறுப்பு அவ்வுண்மையைக் குலைக்காததோடு, சில வேளைகளில் அதற்கே சான்றாகவும் அமைகிறது. இப்பொருள் பிரகடனத்தை எழுதியோரிடமிருந்து கிடைத்ததன்று. அப்பிரகடனத்தால் புறந்தள்ளப்பட்ட ஒருவரின் வாசிப்பிலிருந்து கிடைத்தது. சமத்துவத்துக்குச் சான்று கேட்கப்படும் இடங்களில், கேட்பவரின் நடைமுறை எதனை முன்னரே ஏற்றுக்கொண்டுள்ளது என்று முதலில் ஆராய வேண்டும் என்பதே அவ்வாசிப்பு அரசியல் மெய்யியலுக்குத் தரும் முறை. அவ்வாராய்ச்சிக்குப் பின்னரும் எஞ்சும் வினாக்களுக்கே வாதம் தேவைப்படுகிறது.